பார்க் ஸ்டேஷன் இருக்கு, பார்க் எங்கே? மக்கள் பூங்கா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை பெரியமேட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சென்ட்ரலிலிருந்து நேரு ஸ்டேடியம் வரை பேசிக்கொண்டே நடப்பது பல வருடப் பழக்கம். வருகிறவர்கள் மாறுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

"பார்க் ஸ்டேஷன்னு பேர் இருக்கு, பார்க் டவுன்னு பேர் இருக்கு. அந்த பார்க் எங்க சார்?"

நீங்கள் நின்று கேட்கிற இடமே கிட்டத்தட்ட அதுதான். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சாலையைக் கடந்து சென்ட்ரல் பக்கம் வந்தால், ரிப்பன் கட்டடம், விக்டோரியா பப்ளிக் ஹால், புறநகர் ரயில்கள் கிளம்பும் மூர் மார்க்கெட் வளாகம், அல்லிக்குளம், அதற்குப் பின்னால் நேரு ஸ்டேடியம், மை லேடீஸ் பூங்கா என்று வரிசையாக வருகின்றன. இவ்வளவும் ஒரு காலத்தில் ஒரே பூங்கா. ஆங்கிலத்தில் பீப்பிள்ஸ் பார்க், தமிழில் மக்கள் பூங்கா. ரயில் நிலையத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் பெயர் அதிலிருந்துதான் வந்தது. பெயர் அப்படியே நிற்கிறது, பூங்காவில் துண்டு துண்டாகக் கொஞ்சம்தான் மிச்சம்.

"அப்படி எவ்வளவு பெருசு?"

116 ஏக்கர். கணக்கு பிடிபடாதவர்களுக்கு நான் சொல்வது: சர்வதேச அளவில் ஒரு கால்பந்து மைதானம் ஒன்றேமுக்கால் ஏக்கர் வரும். அப்படிப்பட்ட மைதானங்கள் அறுபதுக்கும் மேல் அதற்குள் அடங்கும். உள்ளே குளங்கள், வண்டி ஓடும் பாதைகள், பேண்டு வாத்தியம் வாசிக்க மேடை எல்லாம் இருந்தன.

அந்தக் குளங்களில் ஒன்றின் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. மூர் மார்க்கெட்டில் கடை இழந்தவர்களுக்காகக் கட்டிய வளாகத்தை அல்லிக்குளம் என்கிறோமே, அது கடைக்கு வைத்த பெயர் இல்லை. அல்லி பூத்த குளம் அங்கே இருந்தது. மழை நாளில் அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும்போது எனக்கு அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும்.

"யார் ஆரம்பிச்சது?"

1859-ல் மெட்ராஸ் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவிலியன். அன்றைக்கு பிளாக் டவுன் என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனில் ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். காற்று வாங்கக் காலி இடம் இல்லை. அவர்களுக்கு எட்டும் தூரத்தில் பொதுவாக ஓர் இடம் வேண்டும் என்பதுதான் யோசனை. கவர்னர் தோட்டம், கம்பெனித் தோட்டம் என்று இருந்த ஊரில் 'மக்கள்' என்ற சொல்லைப் பூங்காவின் பெயரிலேயே வைத்தது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

"அப்போ ட்ரெவிலியன் நல்லவரா?"

இதைப் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள்தான் கேட்பார்கள். நல்ல கேள்வி. 1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தைப் பார்த்துக்கொண்ட லண்டன் அதிகாரி இவர்தான். உதவியை இறுக்கிப் பிடித்தார் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை அவர்மேல் இருக்கிறது, அயர்லாந்துக்காரர்கள் அதை மறக்கவில்லை. மெட்ராஸிலோ, கல்கத்தாவிலிருந்து இந்தியாவை ஆண்ட ஆங்கிலேய அரசு கொண்டுவந்த புதிய வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்து, அதனாலேயே 1860-ல் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்.

இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க நான் தயாரில்லை.

"எங்க பாட்டி 'உயிர் காலேஜ்'னு சொல்வாங்க. அது இதுவா?"

இதேதான். எழும்பூர் மியூசியத்தில் பாடம் செய்த விலங்குகள் இருந்ததால் அது 'செத்த காலேஜ்'. உயிரோடு இருக்கும் விலங்குகளைக் காட்டிய இந்தப் பூங்கா 'உயிர் காலேஜ்'. சென்னைக்காரர்கள் வைத்த பெயர்களில் இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியாது.

உண்மையில் இரண்டு காலேஜுக்கும் தொடக்கம் ஒன்றுதான். மியூசியத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்ஃபர் 1855-ல் மியூசிய வளாகத்திலேயே சில விலங்குகளை வைத்துக் காட்டத் தொடங்கினார். 1863-ல் அவை மக்கள் பூங்காவுக்கு வந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேல், மெட்ராஸுக்கு முதல்முறை ரயிலேறி வந்த வெளியூர்க்காரர்கள் சென்ட்ரலில் இறங்கியதும் புலியைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போனார்கள். ரயில் சத்தமும் நெரிசலும் அதிகமாகி, இடமும் போதாமல், கடைசியில் வண்டலூருக்கு மாற்றினார்கள். வண்டலூர் பூங்கா 1985 ஜூலையில் திறந்தது.

"பார்க்ல தீப்பிடிச்சுதாமே, மூர் மார்க்கெட் தீதானே அது?"

இரண்டு தீ, நடுவில் கிட்டத்தட்ட நூறு ஆண்டு இடைவெளி. ரொம்பப் பேர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது 1886 டிசம்பர் 31. பூங்காவில் ஆண்டுக் கடைசியில் 'பார்க் ஃபேர்' என்று கேளிக்கைச் சந்தை நடக்கும். அந்தச் சந்தையில் தீப்பற்றி, நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த குடும்பங்கள். இந்த ஊர் கண்ட கோரமான விபத்துகளில் ஒன்று. நடந்து போகும்போது அதைச் சொல்லும் இடத்தில் எங்கள் கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல்தான் வரும்.

இரண்டாவது 1985 மே 30. பூங்காவின் ஓரத்தில் 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் அன்று எரிந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, புறா, பழைய கிரிக்கெட் பேட் என்று கிடைக்காத சாமான் இல்லாத சந்தை அது. எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் பேட் அங்கே அப்பா பேரம் பேசி வாங்கியதுதான். கைப்பிடியில் வேறு யாருடைய பெயரோ பேனாவால் எழுதியிருந்தது. சந்தை எரிந்தது மே மாதம், வண்டலூர் திறந்தது ஜூலை. ஒரே கோடையில் இரண்டும் இங்கிருந்து போயின.

"நேப்பியர் பார்க்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?"

இல்லை. அது கூவத்துக்கு அந்தப் பக்கம், சிந்தாதிரிப்பேட்டையில். இப்போது மே தினப் பூங்கா.

"நேரு ஸ்டேடியம் ஃபுட்பால் கிரவுண்டுதானே? அங்க டெஸ்ட் மேட்ச் நடந்துச்சுன்னு சொல்றது உண்மையா?"

உண்மை. இதைச் சொன்னால் இளைஞர்கள் முகத்தில் வருகிற சந்தேகத்தை நான் ரசிப்பதுண்டு. இன்றைய ஸ்டேடியம் நிற்கும் இடத்தில் முன்பு மாநகராட்சி ஸ்டேடியம் இருந்தது. 1956 முதல் 1965 வரை அங்கே ஒன்பது டெஸ்ட் போட்டிகள் நடந்தன. முதலாவதே சாதனை. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க ஜோடியாக இறங்கினார்கள். முதல் நாள் முழுக்க ஒரு விக்கெட்டும் விழவில்லை. மறுநாள் ஜோடி பிரிந்தபோது ஸ்கோர் 413. மன்கட் 231, ராய் 173. இந்தியா இன்னிங்ஸ் மற்றும் 109 ரன் வித்தியாசத்தில் வென்றது.

அந்த 413 உலக சாதனையாக 52 ஆண்டுகள் நின்றது. 2008-ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கென்சியும் 415 எடுத்துத்தான் அதைத் தாண்டினார்கள். மன்கட்டின் 231 இந்தியர் ஒருவரின் மிக உயர்ந்த டெஸ்ட் ஸ்கோராக 1983 வரை இருந்தது. அதை முறியடித்த கவாஸ்கரின் 236-ம் இதே ஊரில், சேப்பாக்கத்தில் வந்ததுதான்.

"வேற என்ன மேட்ச் ஞாபகம் வச்சுக்கிற மாதிரி?"

எனக்குப் பிடித்தது ஒரு ரன் எடுக்காத கதை. 1964 ஜனவரி, இங்கிலாந்துக்கு எதிராக. பாபு நட்கர்னி இடது கையால் தொடர்ந்து 131 பந்துகளை ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வீசினார். அதில் 21 ஓவர்கள் வரிசையாக மெய்டன், அதாவது ரன்னே இல்லாத ஓவர். இன்னிங்ஸ் முடிவில் அவர் கணக்கு: 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. வலைப்பயிற்சியில் பிட்ச்மேல் ஒரு காசை வைத்து அதன்மேலேயே பந்தைப் போட்டுப் பழகியவர் என்பார்கள். எங்கள் தெரு கிரிக்கெட்டில் யாராவது நான்கு பந்து ரன் கொடுக்காமல் போட்டால் "நட்கர்னிடா" என்று கத்துவோம். எங்களில் ஒருவரும் அவரைப் பார்த்ததில்லை. அப்பாக்கள் பார்த்திருந்தார்கள்.

1962 ஜனவரிப் போட்டியையும் விடக்கூடாது. இங்கிலாந்தை இந்தியா முதன்முறையாக ஒரு தொடரில் வென்றது அந்தப் பருவத்தில்தான், தொடரின் கடைசி வெற்றி இந்த மண்ணில். கார் விபத்தில் ஒரு கண் பார்வையை இழந்து சில மாதங்களே ஆகியிருந்த பட்டோடி, தன் முதல் டெஸ்ட் சதத்தை அந்த ஆட்டத்தில் அடித்தார். எல்லாமே வெற்றி என்று நினைக்க வேண்டாம். 1956 அக்டோபரில் ஆஸ்திரேலியா வந்தபோது பெனோ ஒரு இன்னிங்ஸில் ஏழு, லிண்ட்வால் மறு இன்னிங்ஸில் ஏழு என்று சுருட்டினார்கள்.

"சேப்பாக்கம் இருக்கும்போது ஏன் இங்க ஆடணும்?"

சேப்பாக்கத்தில் அதற்கு முன்பே டெஸ்ட் நடந்திருக்கிறது. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியே 1952-ல் அங்கேதான். ஆனால் அந்த மைதானம் அப்போது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் கையில் இருந்தது. ஊருக்கென்று மாநகராட்சி ஒரு ஸ்டேடியம் கட்டியதும் ஆட்டம் இங்கே வந்தது. 1967 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் ஆட்டத்தோடு சேப்பாக்கத்துக்கே திரும்பியது.

"அப்புறம் ஸ்டேடியம் சும்மா கிடந்துச்சா?"

கிடக்கவில்லை. ஓட்டப்பந்தயம், கால்பந்து, பொதுக்கூட்டம் என்று ஏதாவது நடந்துகொண்டுதான் இருந்தது. 1993-ல் இடித்துப் புதிதாகக் கட்டி, கால்பந்துக்கும் தடகளத்துக்குமான அரங்கம் ஆக்கினார்கள். 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கே நடந்தன. பக்கத்து உள்ளரங்கத்தில் 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 'சென்னையின் எஃப்சி' கால்பந்து அணிக்கு இதுதான் சொந்த மைதானம்.

ஆனால் ஸ்டேடியத்தின் உண்மையான முகம் காலை ஐந்தரை மணிக்கு. போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பெண்கள், பள்ளி மாணவர்களை விசிலோடு விரட்டும் கோச்சுகள், தடத்தின் ஓரத்தில் ஸ்பைக் ஷூவுக்கு முள் திருகும் பையன்கள். அவர்களில் பலர் வியாசர்பாடி, புளியந்தோப்பு, சூளை என்று சுற்றுப்புறத்திலிருந்து முதல் பஸ்ஸிலோ சைக்கிளிலோ வருகிறவர்கள்.

"விக்டோரியா ஹால்ல விளையாட்டுச் சங்கம் இருந்துச்சாமே?"

எஸ்.ஐ.ஏ.ஏ. என்று பழையவர்கள் சொல்லும் தென்னிந்திய தடகளச் சங்கம். விக்டோரியா பப்ளிக் ஹாலில் அதற்கு இடம் இருந்தது. மூர் மார்க்கெட்டை ஒட்டிய அதன் திடலில் குத்துச்சண்டை, மல்யுத்தம் எல்லாம் நடக்கும். மேலே சொன்ன பார்க் ஃபேரைப் பிற்காலத்தில் நடத்தியதும் அவர்கள்தான். ராட்டினம் ஒரு பக்கம், பந்தயம் ஒரு பக்கம்.

அதே கட்டடத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது. விவேகானந்தர் 1897-ல் பேசியதும் அங்கேதான். நாடகம், சொற்பொழிவு, குத்துச்சண்டை மூன்றுக்கும் ஜனங்கள் ஒரே பூங்காவுக்கு வந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

"விளையாட்டு சாமான் கடையெல்லாம் ஏன் பெரியமேட்டுலயே இருக்கு?"

பெரியமேடு நெடுங்காலமாகத் தோல் வியாபாரத்துக்குப் பெயர் போன இடம். கிரிக்கெட் பந்து, கால்பந்து, பூட்ஸ், குத்துச்சண்டை கையுறை எல்லாம் தோல். வாசலிலேயே ஸ்டேடியம். இரண்டும் சேர்ந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கடைக்குள் போவதற்கு முன் ஸ்டேடியம் மதில் பக்கம் உட்கார்ந்து கட்டிங் போடுகிறவர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றுவதற்கு இங்கே அந்தப் பெயர்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் மெஷின் பக்கமே போகமாட்டார். ராக்கெட்டை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, நரம்பை ஒவ்வொரு ஓட்டையாகக் கோத்து இழுத்து, ஊசி மாதிரி ஒரு கம்பியைச் செருகி அது நழுவாமல் நிறுத்துவார். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஒரு மீட்டு. சத்தம் மந்தமாக வந்தால் இன்னும் ஒரு இழுப்பு. கணீரென்று வந்தால்தான் முடிச்சு. "காதுக்குத் தெரியும் தம்பி" என்பார். நான் பூப்பந்து ஆடிய காலத்திலிருந்து என் ராக்கெட் அவர் கையைத் தாண்டி வேறு எங்கும் போனதில்லை.

"மை லேடீஸ் பார்க்குக்குள்ள ஆம்பளைங்க போலாமா?"

தாராளமாகப் போகலாம். பெயரைப் பார்த்துத் தயங்கி வாசலிலேயே நிற்பவர்களை நானே கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறேன். பெரிய பூங்காவுக்குள் தனியாக அமைத்த மலர்த்தோட்டம் அது, ஒரு காலத்தில் மலர்க் கண்காட்சிகளுக்குப் பெயர் பெற்றது. மற்றதெல்லாம் கட்டடமான பிறகும் மாநகராட்சி பூங்காவாகவே மிஞ்சியது.

"அங்க போனா என்ன இருக்கு? சும்மா மரம்தானே?"

மரமும் மனிதர்களும். காலை நடைக்கு வருகிற மூத்தவர்கள் ஆளுக்கொரு பெஞ்ச் வைத்திருக்கிறார்கள். எழுதிவைத்த பட்டா இல்லை, ஆனால் புதிதாக யாராவது உட்கார்ந்தால் "அண்ணன் வர்ற நேரம்" என்று பக்கத்தில் இருப்பவர் நகரச் சொல்வார். மாலையில் பள்ளிவாசல் பக்கமிருந்து பிள்ளைகளோடு வருகிற அம்மாக்கள், ஸ்டேடியத்தில் பயிற்சி முடித்துவிட்டு வேர்க்கடலை கொறிக்கும் பிள்ளைகள், ஊருக்குப் போகிற ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று பெட்டியோடு வந்து அமரும் குடும்பங்கள்.

என் அம்மா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முதலாகக் கோல் இல்லாமல் நடந்தது இந்தப் பூங்காவின் பாதையில்தான். தினமும் எதிரே வரும், பெயர்கூடத் தெரியாத ஒரு அக்கா அன்று கைதட்டினார். 'சும்மா மரம்' என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

"ரிப்பன் பில்டிங், ஸ்டேடியம், ரயில் எல்லாமே பொதுஜனத்துக்குத்தானே? பூங்கா போனதுல என்ன தப்பு?"

இது கடினமான கேள்வி. கட்டியவை ஒவ்வொன்றும் பொதுவானவைதான். விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், 1913-ல் திறந்த ரிப்பன் கட்டடம், ஸ்டேடியம், புறநகர் ரயில் முனையம், மெட்ரோ. தனித்தனியாகக் கேட்டால் எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 413 அடித்த மைதானமே பூங்கா மண்ணில் கட்டியதுதானே.

ஆனால் 'காலியாக இருக்கிறதே' என்ற ஒரே காரணத்துக்காக ஒவ்வொரு முறையும் இங்கேயே கை வைத்தார்கள். காலி என்பது வீண் இல்லை. டிக்கெட், பாஸ், வேலை எதுவும் இல்லாமல் ஒருவர் உள்ளே போய் உட்காரக்கூடிய இடம் அது. ரிப்பன் கட்டடத்துக்குள் போக வேலை வேண்டும், ஸ்டேடியத்துக்குள் போக பாஸ் வேண்டும். மூன்றாவது கேள்வியில் சொன்ன 'காற்று வாங்கக் காலி இடம்' இன்று மை லேடீஸ் பூங்கா அளவுக்குச் சுருங்கிவிட்டது. இதற்குமேல் ஒரு சதுர அடிகூடப் போகக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

"அங்க குடியிருந்தவங்களை என்ன பண்ணாங்க?"

ரிப்பன் கட்டடத்தை ஒட்டிய நடைபாதையில் வாழ்ந்த குடும்பங்களை 2002-ல் ஸ்டேடியம் சுற்றுப்புறத்தைச் சீராக்குவதற்காக எழுப்பி, பக்கத்திலுள்ள கண்ணப்பர் திடலில் ஒரு காப்பகத்தில் வைத்தார்கள். தற்காலிகம் என்று போனவர்கள் அங்கேயே இருபது ஆண்டு தாண்டினார்கள். பிள்ளைகள் அங்கே பிறந்து, அங்கிருந்தே பள்ளிக்கூடம் போனார்கள். இந்த இடத்தின் விளையாட்டு வரலாற்றைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"நாங்களே நடந்து பார்க்கணும்னா எப்படிப் போறது?"

பார்க் ஸ்டேஷனில் காலை ஆறு மணிக்கு இறங்குங்கள். சுரங்கப்பாதை வழியாகச் சென்ட்ரல் பக்கம் ஏறி, மூர் மார்க்கெட் வளாகத்தின் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அடுத்து விக்டோரியா ஹால், ரிப்பன் கட்டடம். அதைச் சுற்றிக்கொண்டு அல்லிக்குளம், பிறகு ஸ்டேடியத்தின் மதிலை ஒட்டியே நடந்து மை லேடீஸ் பூங்கா. நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். கடைகள் பத்து மணிக்கு மேல்தான் திறக்கும், கட்டிங் போடும் பெரியவர் அதற்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார். அதுவரை பூங்காவில் உட்கார்ந்திருங்கள். வாசலிலிருந்து இரண்டாவது பெஞ்ச் மட்டும் வேண்டாம், அதற்கு ஆள் வருவார்.